விழா முடிந்த காலை

மதியத்துக்குள் மைதானம் காலியாகாவிட்டால் அடுத்த வருடம் கல்லூரி விழாவே கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். மாணவர் தலைவி ரோஹிணி போன் போட்டே சலித்துப்போனாள். வண்டலூரிலிருந்து ரயிலேறித் தாம்பரம் வந்த ஷாயிஸ்தா மட்டும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்து எனக்குக் கைதட்டின கூட்டம் எங்கடி?"

"தூங்குது. நீ அந்தப் பக்கம் பிடி."

கடைசி நாற்காலியும் வேனில் ஏறியது. ரோஹிணியின் குரல் இறங்கியது.

"எலெக்‌ஷன்ல உன்னைத் தோற்கடிச்சவ நான். நீ ஏன் வந்தே?"

"விழா முடிஞ்சா மைதானத்தைச் சுத்தம் பண்ணுவேன்னு பிரசாரத்துல சொன்னேன். ஜெயிச்சாதான் பண்ணுவேன்னு சொல்லலையே?"

அன்று அந்தப் பேச்சுக்கு முதலில் சிரித்தவள் ரோஹிணிதான். இப்போது குனிந்து, காலடியில் கிடந்த காகிதக் கப்பை எடுத்தாள்.