ஹெட் ஆபீஸ் சொன்னது

"எங்க சமாச்சாரத்தை மட்டும் மெட்ராஸ்லயே வெச்சுக்கங்க சாமி. இவர் கையில குடுத்துடாதீங்க!"

நஞ்சம்மா கும்பிட்டபடி சொன்னாள். அவளுக்குப் பின்னால் கடலை புடைத்துக்கொண்டிருந்த இருபது பெண்களும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். 'இவர்' என்று அவள் காட்டிய மேனேஜர் முனிவேல், ஓரமாக நின்றார்.

மெட்ராஸ் ஹெட் ஆபீஸிலிருந்து வந்திருந்த வரதராஜனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒரு மாதமாகக் கம்பெனியின் எண்ணெய் மில்களுக்கெல்லாம் போய் இதே செய்தியைத்தான் சொல்லி வருகிறார். மற்ற ஊர்களில் கைதட்டினார்கள். ஓசூரில்தான் இப்படி.

"இதோ பாரும்மா, சுதந்திரம் வந்தப்போ நமக்கு மூணு மில். பத்து வருஷத்துல பதினொண்ணு ஆயிடுச்சு. யாருக்கு லீவு, யாருக்கு வேலைன்னு நாங்க அங்க உக்காந்து எழுதிக்கிட்டு இருக்க முடியலை. புது மில் எங்க வைக்கறது, என்ன மிஷின் வாங்கறதுங்கற மாதிரி பெரிய விஷயம் மட்டும் இனிமே நாங்க பாப்போம். மத்ததெல்லாம் அந்தந்த ஊர் மேனேஜர் முடிவு. உங்களுக்கும் நல்லதுதானே?"

"இல்லீங்க சாமி. இவர்கிட்ட எதைக் கேட்டாலும் 'என் கையில இல்ல, ஹெட் ஆபீஸுக்கு எழுதறேன்'னுதான் சொல்லுவாரு. சிரிச்ச முகமே கிடையாது. ஆனா ஹெட் ஆபீஸ் கடுதாசி வந்தா, எல்லாம் நல்லதாத்தான் வரும். நான் புள்ள பெத்துட்டு மூணு மாசம் கழிச்சு வந்தப்ப, பழைய இடத்துலயே சேத்துக்கச் சொன்னது ஹெட் ஆபீஸ்தான்."

"புள்ளைங்களுக்குத் தூளி கட்ட, கொட்டாய் போட்டுக்கச் சொன்னதும் ஹெட் ஆபீஸ்தானுங்க" என்றாள் பக்கத்தில் நின்ற கெம்பம்மா. "சானமாவு காட்டுல ஆனை நின்னா, உத்தனப்பள்ளியில இருந்து வர்ற நாங்க நேரங்கழிச்சு வரலாம்னு சொன்னதும்."

வரதராஜன் திரும்பிப் பார்த்தார். முனிவேல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேனேஜருங்க வருவாங்க, போவாங்க சாமி" என்றாள் நஞ்சம்மா. "இவருக்கு முன்னாடி ஒருத்தர் கேவுறு அறுப்புக்கு லீவு குடுத்தாரு. இவரு வர்றதுக்கு முந்தியே, அவருக்கு அடுத்து வந்தவரு அதைப் பிடுங்கிக்கிட்டாரு. ஹெட் ஆபீஸ் குடுத்ததைத்தான் யாரும் தொட மாட்டாங்க. மிஷின் பெல்ட்டுல மாட்டி என் வூட்டுக்காரருக்கு வலது கை போயிடுச்சு. அவருக்கு வேற வேலை கேட்டு எழுதியிருக்கு. பதில் வர்ற நேரத்துல ஹெட் ஆபீஸ் கைகழுவிட்டா, நாங்க எங்க போறது?"

நஞ்சம்மா மறுபடியும் கும்பிட்டாள்.

வரதராஜன் மேனேஜர் அறைக்குள் போய் உட்கார்ந்து, ஃபைலைக் கேட்டு வாங்கினார். ஹெட் ஆபீஸ் ஏழு வருஷமாக அனுப்பிய பதில் கடிதங்கள். எல்லாவற்றின் கீழும் வரதராஜனின் கையெழுத்துதான். ஒரு நாளைக்கு நூறு கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர். ஒன்றுகூட நினைவில் இல்லை. படிக்கப் படிக்க, புரட்டும் வேகம் குறைந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"இந்த மதுரைவீரன்ங்கறது அந்தம்மாவோட வீட்டுக்காரர்தானே?"

"ஆமா சார். பதில் நேத்துதான் வந்தது. இன்னும் அவங்ககிட்ட சொல்லலை" என்றார் முனிவேல்.

"எல்லாமே இங்கிலீஷ்ல இருக்கே, அவங்களுக்குத் தமிழ்ல படிச்சுச் சொல்றது யாரு?"

"நான்தான் சார்."

வரதராஜன் அந்தக் கடிதத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். முனிவேல் பின்னாலேயே வந்தார். பெண்கள் நின்ற இடத்திலேயே நின்றிருந்தார்கள்.

"நஞ்சம்மா, ஹெட் ஆபீஸ் பதில் வந்திருக்கு. தமிழ்ல படிக்கறேன், கேட்டுக்க. மதுரைவீரனுக்கு மில் கேட்டில் காவல் வேலை தரவேண்டும். பழைய சம்பளம் குறையக்கூடாது. எந்த மேனேஜர் மாறி வந்தாலும் இந்த உத்தரவை மாற்றக்கூடாது."

நஞ்சம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கெம்பம்மா அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, முனிவேலை நிமிர்ந்து பார்த்தாள்.

"கேட்டீங்களா சார்? ஹெட் ஆபீஸுக்கு இருக்கற மனசைப் பாத்துக்கங்க!"

முனிவேல் தலையாட்டினார். வரதராஜன் கடிதத்தை மடித்து அவரிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "ஏழு வருஷமா நீங்களும் இப்படித்தானே படிச்சுக் காட்டினீங்க?" என்றார்.

கடிதத்தில் இருந்தது, அந்த ஃபைலின் ஒவ்வொரு கடிதத்திலும் இருந்த அதே ஒரு வரிதான்: 'அனுமதி இல்லை.'