ஜெனீவாவிலிருந்து ஒரு கேள்வி

"டாக்டர், ஜெனீவாலேர்ந்து பேராசிரியர் ஹெல்விக் ஒரு கேள்வி கேக்கறாங்க," என்றேன்.

மேடையில் டாக்டர் பொவாஃபோ டையைச் சரிசெய்துகொண்டார். கடைசி வரிசையில் என் மடியில் இருந்த மடிக்கணினியைப் பார்த்துக் குழைந்து சிரித்தார். ஹெல்விக் அம்மையார் மனது வைத்தால் அவருக்கு ஜெனீவாவில் ஓராண்டு ஆராய்ச்சிப் பதவி. கூட்டம் தொடங்கியதும் அம்மையார் திரையில் வந்து கையசைத்தார்; மடிக்கணினியைத் தூக்கி டாக்டரிடம் காட்டியவள் நான்தான்.

தொலைவில் இருப்பவர்கள் கேள்வியை எழுதி அனுப்புவார்கள். அதை உரக்கப் படிப்பது பயிற்சி மாணவியின் வேலை. கறி வைத்துச் சுட்ட மீட் பை தட்டை நீட்டுவதும் அவள் வேலைதான்.

கூட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கரண்ட் போய், இப்போது நெடுநேரம் ஆகியிருந்தது. அக்ராவில் அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஜெனரேட்டர் ஓடியது. அது கருத்தரங்கு அறைக்கும் பெரியவர்களின் அறைகளுக்கும் மட்டும். எங்களைப் போன்ற இன்டர்ன்கள் உட்காரும் மூலைக்கு அந்த லைன் வராது. இன்று மேடையேறிய அறிக்கையில் பாதியை, இப்படிக் கரண்ட் போன நாட்களில், அந்த இருட்டில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

ஆமாம், நான் எழுதிய அறிக்கை. முகப்பில் அவர் பெயர் மட்டும்.

பக்கத்து நாடான புர்க்கினா ஃபாசோவிலிருந்து வரும் தக்காளிக்கு வரி போட்டோம், இறக்குமதி பாதியாகக் குறைந்தது, இன்னும் வரியை ஏற்றலாம். மேடையில் அவர் சொன்னது இவ்வளவுதான். முன்வரிசையில் அமைச்சகத்து ஆட்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

தக்காளி குறையவே இல்லை. எல்லைச் சாவடியில் கணினி எரிந்துபோனது. சீசன் முடியும்வரை சுங்கக்காரர்கள் ரசீதைக் கையால் எழுதினார்கள். அதை யாரும் கணினியில் ஏற்றவில்லை. பதியாத லாரியை வராத லாரி என்று நினைக்கும் முட்டாள்தனம் எங்கள் தொழிலுக்கே உரியது.

நான் அந்த எல்லைப்புறத்து ஊர்க்காரி. லாரிக்காரர்களோடு புழுதியில் உட்கார்ந்து விசாரித்து, அட்டவணைக்குக் கீழே ஓர் அடிக்குறிப்பாக எல்லாவற்றையும் எழுதினேன். குறிப்பின் கடைசியில் 'களப்பணி: அட்டிபோகா' என்று என் பெயர்.

அவர் அந்தக் குறிப்பைப் படித்துப் பார்த்துக்கூட வெட்டவில்லை. என் பெயர் கண்ணில் பட்டது, குறிப்பையே வெட்டினார்.

"இன்டர்ன் பேரெல்லாம் போட்டா ஜெனீவால சிரிப்பாங்கம்மா," என்றார் அன்றைக்கு. "சின்னப் பொண்ணு நீ. உனக்கு என்ன அவசரம்?"

அவசரம்தான். மேல்படிப்புக்கான உதவித்தொகை அந்த ஒரு பெயர் அச்சில் வருவதை நம்பித்தான் இருந்தது. அவர் முகத்தில் மீட் பையைத் தேய்த்துவிடலாமா என்றிருந்தது. தட்டை நீட்டினேன். இரண்டு எடுத்துக்கொண்டார்.

இப்போது திரையைப் பார்த்து நிதானமாகப் படித்தேன்.

"தக்காளி சீசன்ல எல்லைச் சாவடிக் கணினி எரிஞ்சுபோய், ரசீதைக் கையால எழுதினாங்களே, அதையும் சேத்துத்தானே இந்தக் கணக்குன்னு கேக்கறாங்க."

அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

"கணினி எரிஞ்சு... ஆமா, ஆமா. எல்லாத்தையும் சேத்தாச்சு, பேராசிரியர் அவர்களே," என்றார். என்னிடம் இல்லை, மடிக்கணினியிடம்.

"சேத்திருந்தா குறைஞ்சிருக்காதேன்னு கேக்கறாங்க, டாக்டர்."

முன்வரிசையில் தலையாட்டல் நின்றது. அமைச்சகத்து அம்மாள் ஒருவர் அறிக்கையைப் புரட்டி அட்டவணையைத் தேடினார். டாக்டர் பொவாஃபோ கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார், பிறகு கழுத்தை, பிறகு வெறுமனே கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு இனித்தது. மறைப்பானேன்?

"இன்னொண்ணும் கேக்கறாங்க. எல்லைக்கு நேர்ல போய்ப் பாத்தது யாராம்?"

அப்போதுதான் அவர் மடிக்கணினியை விட்டு என்னைப் பார்த்தார். ஏதாவது செய்யேன் என்று அந்தக் கண்கள் கெஞ்சின. நான் விரலை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு, பதிலைத் தட்டச்சு செய்யக் காத்திருப்பவள் போல உட்கார்ந்திருந்தேன்.

அறை முழுக்க அவர் வாயைப் பார்த்தது.

"அட்டிபோகா," என்றார். "எங்க ஆராய்ச்சியாளர், அட்டிபோகா. அதோ, கடைசி வரிசையில."

எல்லாத் தலைகளும் திரும்பின. ஆராய்ச்சியாளராம்! காலையில் என்னைத் தண்ணீர்ப் பாக்கெட் வாங்கக் கடைக்கு அனுப்பியவர்.

"அப்ப நீயே வந்து சொல்லும்மா," என்றார் அமைச்சகத்து அம்மாள். "உன் முழுப் பேரையும் சொல்லு, எழுதிக்கறேன்."

எழுந்து மடிக்கணினியை மூடப் போனேன்.

"மூடாதம்மா, மூடாத!" டாக்டர் பொவாஃபோவின் குரல் உடைந்தது. "அவங்க லைன்ல இருக்காங்க. பேராசிரியருக்குத் திருப்தியான்னு கேளு!"

"ரொம்பத் திருப்தியாம், டாக்டர்," என்று சொல்லி மூடினேன்.

கரண்ட் போன நிமிடமே ஹெல்விக் அம்மையாரும் திரையிலிருந்து போய்விட்டிருந்தார். வைஃபை பெட்டி இருப்பது இன்டர்ன்கள் மூலையில்.