காணாமல் போன ஸ்க்ரூடிரைவர்

கல்யாணப் பெண் விமானத்தில் ஏறி, பெல்ட்டும் போட்டாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தானா மெக்கானிக் அகனீசி ஓடி வர வேண்டும்?

"பாஸ், என் குட்டை ஸ்க்ரூடிரைவரைக் காணோம்!"

மேனேஜர் ரோனீலுக்கு முகம் வெளுத்துவிட்டது. மெக்கானிக்கின் கருவி ஒன்று குறைந்தாலும், அது கிடைக்கும்வரை விமானம் நகரக் கூடாது. இந்த நௌசோரி விமான நிலையத்தில் மட்டுமல்ல, எங்கேயும் அதுதான் சட்டம்.

"இப்பத்தான் பார்த்தியா? மணி ஒண்ணு பத்து! ரெண்டுக்குள்ள கிளம்பலேன்னா அடுத்த வாரம்தான், தெரியுமில்ல?"

மாப்பிள்ளையின் தீவில் ஓடுதள விளக்கு கிடையாது; இருட்டுவதற்குள் இறங்கியாக வேண்டும். வாரத்துக்கு ஒரே விமானம். கல்யாணமோ நாளைக்கு.

எல்லாரையும் இறக்கினார்கள். சீர்வரிசைப் பாய்க் கட்டுகள் இறங்கின, மூன்றடுக்குக் கேக் இறங்கியது, கடைசியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பெண்ணும் இறங்கினாள்.

"பொண்ணு போய்ச் சேரலேன்னா, மாப்பிள்ளைக்கு அந்த ஸ்க்ரூடிரைவரையே கட்டி வெச்சிடுவீங்களா?" என்று பெண்ணின் அத்தை கத்தினாள்.

அதைவிடச் சத்தமாகக் கத்தியவர் மூத்த மெக்கானிக் பெனியாசி. இருபத்தாறு வருடம் அங்கேயே ரெஞ்ச் பிடித்த கை.

"கருவியைப் பார்த்துக்கத் துப்பில்லாதவ எல்லாம் எதுக்கு இந்த வேலைக்கு வரணும்? பெட்டியில ஒவ்வொண்ணுக்கும் அதது வடிவத்துல குழி வெட்டி வெச்சிருக்கு. குழி காலின்னா சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்! நான் வேலை முடிச்சதுமே கருவி லிஸ்ட்டுல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டேன். என்னை மாதிரி இருக்கக் கத்துக்க!"

அகனீசி தலை நிமிரவில்லை.

"தப்புதான் மாமா. வால் பக்கத்து மூடிப் பலகைக்குள்ள நீங்க வேலை செஞ்சப்ப நான் விளக்குப் பிடிச்சேனே, அங்கதான் விழுந்திருக்கும்."

"நான் பார்த்து மூடின பலகை. அங்க ஒரு குண்டூசி கிடையாது."

"ஒரு தடவை திறந்து பாருங்க மாமா, கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

மேனேஜர் தொலைந்த கருவிகளுக்கான நோட்டை எடுத்து அவள் பெயரை எழுதினார். அவருக்கே மனசு கேட்கவில்லை. "அடுத்த வாரம் உன்னை நிரந்தரம் பண்றதா இருந்தாங்க. இதுல பேர் ஏறினா அவ்வளவுதான். தெரியுமில்ல?"

"தெரியும் பாஸ். எழுதுங்க."

பெனியாசி முணுமுணுத்துக்கொண்டே பலகையைக் கழற்றினார். விளக்கை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

வாலைத் திருப்பும் கம்பிவடத்தை ஒட்டி, குட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்று கிடந்தது. இன்னும் இரண்டு விரல்கடை நகர்ந்திருந்தால் நடுவானில் வடம் சிக்கிக்கொண்டிருக்கும். பதினேழு உயிர்.

"கிடைச்சிடுச்சா?" மேனேஜர் கத்தினார்.

"கிடைச்சிடுச்சு."

எல்லாருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. அத்தை கை தட்டினாள். பெண் அழுதுகொண்டே சிரித்தாள்.

பெனியாசி மட்டும் சிரிக்கவில்லை. கைப்பிடியில் செதுக்கியிருந்த எண்ணைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேரே போய்த் தன் பெட்டியைத் திறந்தார். பிறகு மேனேஜரிடம் வந்தார்.

"அந்த நோட்டைக் கொடுங்க."

அகனீசியின் பெயரை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் பெயரை எழுதினார்.

"என்ன பெனியாசி இது?"

"இது ஏழாம் நம்பர் பாஸ். என்னுது. பெட்டியைத் திறந்தே பார்க்காம கையெழுத்துப் போட்டிருக்கேன். அவளுது பன்னெண்டு."

மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயையோ! அப்ப பன்னெண்டாம் நம்பர் இன்னும் உள்ளதான் கிடக்குதா? வண்டி கிளம்பக் கூடாதே!"

"கிளம்பலாம் பாஸ்." அகனீசி தன் சட்டையின் உள்பையில் கையை விட்டுக் குட்டை ஸ்க்ரூடிரைவர் ஒன்றை எடுத்து நீட்டினாள். எண் பன்னிரண்டு.

"மாமாவோட பெட்டியை நான் நகர்த்தி வைக்கப் போனப்ப மூடி திறந்துக்கிச்சு, அப்பதான் அந்தக் குழி காலியா இருந்ததைப் பார்த்தேன். அதுக்குள்ள அவர் கையெழுத்து உங்க கைக்கு வந்துடுச்சு. அத்தனை பேர் முன்னாடி அவர் பேரைச் சொல்ல வாய் வரலை பாஸ். அதான் என் பேரைச் சொல்லிட்டேன்."