பூலோகபாண்டி அடைத்த கோல்

இந்த வருஷம் எங்கள் ஹாக்கி அணி ஆடிய எல்லா ஆட்டத்திலும் தோற்றது. ஆள் பொறுக்கிய மேனேஜர் வேலாயுதப்பெருமாளை நீக்குவதா வேண்டாமா என்று கமிட்டி கூடியது. நானும் கமிட்டியில் இருந்தேன், அதனால் இதில் பொய்க்கு இடமில்லை.

"அந்த கோல்கீப்பரை எதுக்குய்யா எடுத்தீரு?" என்றார் தலைவர்.

கோல்கீப்பர் பூலோகபாண்டி போய் நின்றால் கம்பத்துக்குக் கம்பம் அடைத்துவிடுவான். எறும்பு நுழையாது. முதல் பாதியில் எங்களுக்கு எவனும் கோல் போட்டதில்லை. இடைவேளையில் இரண்டு அணியும் பக்கம் மாறும்போதுதான் சிக்கல். பாண்டியால் வெளியே வர முடியாது. கம்பத்தைக் கழற்ற நடுவர் விடமாட்டார். ஆகவே மீதி ஆட்டம் முழுக்க எதிரியின் கோலை எங்கள் பாண்டியே காத்தான். எங்கள் கோல் காலியாகக் கிடந்தது.

"நம்ம பயலுக அடிச்ச பந்தையாவது விட்டிருக்கலாம்ல?"

"எங்கிட்டு விட? அவன் மூச்சு விடவே எடமில்ல," என்றார் மேனேஜர். "ஒண்ணு சொல்லுங்க அண்ணாச்சி, வருஷம் பூரா அவனத் தாண்டி ஒரு பந்து போச்சா?"

மேனேஜர் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அவனுக்கு ஒரு அண்ணன் இருக்காரு. அடுத்த வருஷம் அவரை அந்தப் பக்கம் நிறுத்திட்டா நம்மள எவன் தோக்கடிப்பான்?"

"ஜெயிக்கவும் முடியாதேய்யா?"

"தோக்க மாட்டோம்ல!"

கைதட்டலில் மேனேஜர் பதவி தப்பியது. கையோடு பேசி முடிக்க அண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் வாசல் நிலையில் வந்து நின்று, "எல்லாரும் உள்ள வாங்க, காப்பி சாப்பிடலாம்" என்று மலர்ந்த முகத்தோடு கூப்பிட்டார். எப்படிப் போவது என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்கிறோம்.