எழுத்து எழுத்தாக

பால் புட்டிக்குள் பிரஷ் விட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அவர் கூப்பிட்டார்.

"மேடம் ஃபோன் அடிக்குது. சீக்கிரம் வா!"

நுரைக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போடுவது நான்தான். பேசுவது அவர். நான் மூச்சுக்கூட விடக் கூடாது.

இருபது நாளாக இப்படித்தான். என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். திடீரென்று இரண்டு கை விரல்களும் மரத்துப்போய்விட்டன. நரம்புக் கோளாறு, திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"கம்பெனியில சொல்லிடலாமே?" என்று கேட்டேன்.

"போன மாசம் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டவரை, இனிமே வீட்டுலயே இருங்கன்னுட்டாங்க. நானும் போய் வரிசையில நிக்கவா?"

அதனால் அவர் வாயால் சொல்வார், நான் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவேன். நான் படித்தது ஆறாவது வரை. ஏ பி சி டி தெரியும். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

பேசினால் தானே எழுதிக்கொள்ளும் மெஷினையும் பார்த்தோம். இவர் சொல்கிற புள்ளியும் கோடும் அதற்குப் பிடிபடவில்லை. எனக்கு மட்டும் பிடிபட்டதா என்ன?

"கோடு போடு" என்பார்.

"எந்தக் கோடு? நடுவுல நிக்கிறதா, தரையில படுத்திருக்கிறதா?"

முதல் வாரம் இதற்குச் சிரித்தார். இப்போது சிரிப்பதில்லை. மடியில் கிடக்கிற கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஸ்பீக்கரைப் போட்டதும், கம்பெனியில் அவருக்கு மேலே இருக்கிற அந்த அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"என்ன சார் வேலை இது? அவசரக் கேஸ் சிவப்பு, காத்திருக்கிறவங்க மஞ்சள், பார்த்து முடிச்சவங்க பச்சைன்னு வரணும். எல்லா டோக்கனும் வெள்ளையா நிக்குது. நாளைக்கு ஆஸ்பத்திரியில இதை ஓட விடணும். யாரை முதல்ல உள்ள விடறதுன்னு நர்ஸ் எப்படிக் கண்டுபிடிப்பாங்க? இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள சரியாகலைன்னா வேலையை வேற ஆள்கிட்ட கொடுக்கச் சொல்லிட்டார் முதலாளி."

அவர் முகம் வெளுத்துவிட்டது.

டோக்கன் காட்டுகிற அந்தக் கம்ப்யூட்டர் பக்கங்கள் லாராவெல் என்கிற ஒன்றில் ஓடுகின்றன. அதற்குள் டெயில்விண்ட் என்கிற ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். பழைய அலங்காரத்தையெல்லாம் எடுத்துவிட்டு, நிறமோ இடைவெளியோ எதுவானாலும் குட்டிக் குட்டிப் பெயராக அந்தந்த இடத்திலேயே எழுத வேண்டும். அதுதான் வேலை. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான்.

"பேரைத் துண்டு துண்டா ஒட்டியிருக்கீங்க," என்றது ஃபோன். "டெயில்விண்ட் பக்கத்தை வெறும் எழுத்தாத்தானே படிக்கும்? முழுப் பேரும் அங்க இருந்தாத்தான் நிறம் கொடுக்கும். ஓடும்போது வந்து ஒட்டிக்கிற பேரு அதுக்கு எப்படித் தெரியும்? புதுசா சேர்ற பிள்ளைங்க பண்ற தப்பு இது. பத்து வருஷ ஆளு நீங்க!"

அவர் தெரியாமல் செய்த தப்பில்லை அது. காரணம் எனக்குத் தெரியும். மூன்று நிறத்துக்கும் தனித்தனியாக, முழுசாக எழுத வேண்டிய இடம் அது. நேற்று சிவந்துபோயிருந்த என் விரல் நுனியைப் பார்த்தார். "நிறத்தை மட்டும் தனியா வச்சு ஒட்டிக்கலாம். உனக்குத் தட்டுறது குறையும்" என்றார். என் கைக்கு இரக்கப்பட்டுத்தான் இன்றைக்கு இந்தப் பேச்சு வாங்குகிறார்.

"சொல்றேன், போடுங்க. பி. ஜி. நடுக்கோடு. ஆர். இ. டி. நடுக்கோடு. அஞ்சு, சைபர், சைபர். ஆச்சா?" என்றாள் அந்த அம்மா.

இதுதான் எனக்குத் தாங்காது. இருபது நாளாக எதைச் சொன்னாலும் இப்படித்தான், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி எழுத்து எழுத்தாக. இந்த வேலையிலேயே ஊறின மனுஷனுக்குச் சிவப்புக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதா?

"முன்னெல்லாம் இப்படிப் பேச மாட்டாங்க" என்று அவரே ஒருநாள் சொன்னார்.

"பெரிய பதவி வந்திருக்கும். தலைக்கு ஏறிடுச்சு" என்றேன் நான்.

"யெல்லோவுக்கு ரெண்டு எல்," என்றது ஃபோன். "ஒண்ணைப் போட்டுட்டு மறுபடியும் வெள்ளையா நிக்குதுன்னு சொல்லாதீங்க."

"சரிங்க மேடம்" என்றார் அவர். உனக்கும் ஒரு காலம் வரும்டி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே தட்டினேன்.

சிவப்பு முடிந்தது. மஞ்சள் முடிந்தது. மணி நாலே முக்கால்.

"கடைசியா பச்சை. பி. ஜி. நடுக்கோடு. ஜி. ஆர்..."

உள்ளறையில் பாப்பா வீல் என்று அலறியது. தூளியிலிருந்து விழுந்துவிட்டதோ, கெட்ட கனவோ, தெரியவில்லை. நான் அசையவில்லை. எழுந்தால் தட்டுகிற சத்தம் நின்றுவிடும். நின்றால் எல்லாம் தெரிந்துவிடும். அவர் கதவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினார். இன்னும் மூன்று எழுத்தும் அந்த ஐந்நூறும்தான் பாக்கி.

பாப்பா மூச்சை இழுத்து இழுத்து அழுதது. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. தடவித் தடவி 'இ' போட்டேன்.

"போதும்," என்றது ஃபோன். குரல் அடியோடு இறங்கியிருந்தது. "மீதியை நான் போட்டு அனுப்பிக்கிறேன். குழந்தை அழுதேம்மா, முதல்ல நீ போய்த் தூக்கு."