போயிட்டு வாங்கோ

வூலிச் படித்துறையில் தேம்ஸ் நீரின் வெப்பத்தை அளப்பது சுவர்ணாவின் வேலை. கோடை முற்றிய பின்பே வரும் சொறிமுட்டைகள் என்னும் ஜெல்லிமீன்கள், நீர் சூடேறியதால் இந்த ஆண்டு சித்திரையிலேயே கூட்டமாய் வந்து மிதந்தன.

அவளோடு அம்மாவும் வந்திருந்தாள். அப்பாவின் சாம்பலைக் கரைத்த இடம் அது. கரைக்கும்போது அம்மா வாய்ப்பழக்கத்தில், வேலைக்கு அனுப்புவதுபோல, "போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டாள். செத்தவரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அன்றிலிருந்து அவளுக்கு நித்திரை இல்லை. சொறிமுட்டைகளைக் கண்டதும், அவர்தான் திரும்பி வந்துவிட்டார் என்றாள்.

"இதுகள் வெக்கைக்கு வாற சொறிமுட்டையள், அம்மா. கடல் வத்த, தானாப் போயிடும்," என்றாள் சுவர்ணா.

"நீ உன்ரை வேலையைப் பார். நான் ஒருக்காச் சரியாச் சொல்லிப்போட்டு வாறன்."

அம்மா கம்பியைப் பிடித்துக் குனிந்தாள். "இனிப் போங்கோ. வரவேண்டாம்."

கடல் வற்ற, ஆற்று நீரும் இறங்கத் தொடங்கியது. நுரையும் போத்தல்களும் சொறிமுட்டைகளும் கிழக்கே கடல்பக்கம் இழுபட்டுப் போயின.

"போயிட்டார், பிள்ளை," என்றாள் அம்மா. இருவரும் ஆற்றோரமாய் மேற்கே நடந்தார்கள். சுவர்ணா மட்டும் கீழே பார்த்தாள். நீரை எதிர்த்து நீந்த ஏலாத சொறிமுட்டை ஒன்று, சுவரை ஒட்டி அவர்களோடு மேற்கே வந்துகொண்டிருந்தது.

அம்மா செருப்பைச் சரிசெய்ய நின்றாள்.

அதுவும் நின்றது.