மரப்படிக்கட்டு

தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் வலது கையைத் தூக்கலாம் என்று மேயர் சொன்னதும் எதிர்வரிசையில் கைகள் எழுந்தன.

நான் பார்வையாளர் பெஞ்சில் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். இது எங்கள் கேள்வி இல்லை. எதிர்க்கிறவர்கள் யார் என்று அடுத்து கேட்பார். அப்போதுதான் என் மனைவிக்கு வேலை.

ஊர் நடுவில் இருக்கும் இந்தப் பழைய மாநகராட்சிக் கட்டடத்தையும் அதன் முன்னால் உள்ள மைதானத்தையும் விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஊருக்கு வெளியே புதிய அலுவலக வளாகம் கட்டுவதுதான் தீர்மானம். வாங்கக் காத்திருப்பவர்கள் மைதானத்தில் கடைகடையாகக் கட்டித் தள்ளுவார்கள் என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அதைத் தடுக்க ஒரு குழு இருக்கிறது. நான்தான் அதன் செயலாளர்.

மன்றத்தில் இரண்டு பக்கமும் சரிசமம். மிச்சமிருந்தது உறுப்பினரான என் மனைவியின் ஒரு கை.

அந்தக் கைதான் பிரச்சினை.

போன வருடம் வந்த பக்கவாதம் அவள் பேச்சை விட்டுவைத்தது. வலது கையையும் வலது காலையும் முடக்கிவிட்டது. வலது கை தலைக்கு மேலே வந்தால்தான் அது வாக்கு என்பது மன்றத்தின் பழைய விதி. மேயரிடம் சலுகை கேட்டுப் பார்க்கலாம் என்றேன். வேண்டவே வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்றாள்.

சரி, கையை ஒரு கை பார்த்துவிடலாம் என்று நானும் இறங்கினேன். ஜன்னல் கம்பியில் துண்டைக் கட்டி, தினமும் காலையில் அவளை இழுக்க வைத்தேன். முதலில் விரல்கூட அசையவில்லை. பிறகு மேஜை உயரத்துக்கு வந்தது. மூக்கு உயரத்துக்கு வந்த அன்று, தன் மூக்கைத் தானே சொறிந்துகொண்டு சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தாள். வாக்கெடுப்பு அன்றைக்குக் கட்டாயம் தூக்கிக் காட்டுகிறேன், பார்த்துக்கொண்டே இருங்கள் என்றாள்.

அவள் வைராக்கியம் அப்படி. கூட்டம் இருக்கும் நாட்களில் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. குழுவில் அதைச் சொல்லிச் சொல்லி நான் பெருமையடித்திருக்கிறேன்.

மன்றம் மாடியில் இருக்கிறது. அலுவலக உதவியாளர்கள் இரண்டு பேர் அவளை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். அவள் பையும் தண்ணீர் பாட்டிலுமாக நான் பின்னால் போவேன். எங்கள் குழுவினர் படியின் இருபுறமும் நின்று கைதட்டுவார்கள். அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்தப் படிக்கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முழுக்கத் தேக்கு, வளைந்து வளைந்து ஏறும். லிஃப்ட் வைக்கிறோம் என்று நிர்வாகம் அதில் கைவைக்கப் பார்த்தபோது மனுமேல் மனு போட்டுக் காப்பாற்றியது நாங்கள்தான். லிஃப்ட் வந்தால் நல்லதுதானே என்று ஒருநாள் அவளே கேட்டாள். இப்படி ஒரு வேலைப்பாட்டை இனி யாராலும் செய்ய முடியாது என்று விளக்கிச் சொன்னேன். சரி என்றாள்.

மன்றச் செயலர் எழுந்து, தூக்கிய கைகளை எண்ண ஆரம்பித்தார்.

என் மனைவியின் வலது கை மேஜையை விட்டுக் கிளம்பியது.

அவசரப்பட்டுவிட்டாள் என்று பதறிப்போனேன். எழுந்து நின்று, இப்போது இல்லை, அடுத்ததற்கு, அடுத்ததற்கு என்று ஜாடை காட்டினேன். காவலாளி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தூக்கினாள்.

மூக்கைத் தாண்டியது. நெற்றிக்கு வந்ததும் கை நடுங்கியது. முகமெல்லாம் வியர்வை. பல்லைக் கடித்துக்கொண்டு அதைத் தலைக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள்.

மேயருக்கே நம்ப முடியவில்லை. எண்ணுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, தெரிந்துதான் தூக்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். தெரிந்துதான் என்றாள். எண்ணி முடிக்கும்வரை கை இறங்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது.

பக்கத்தில் இருந்த குழுத் தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். எனக்குக் கோபத்தில் காது அடைத்தது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? துண்டைக் கட்டிக் கொடுத்தவன் நான் இல்லையா? நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று விறுவிறுவென்று அவளிடம் போனேன்.

அவள் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. உதடு காய்ந்து வெடித்திருந்தது.

வழக்கம்போலப் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். வழக்கம்போல வேண்டாம் என்று தலையாட்டினாள்.

“வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேங்க. இங்க குடிச்சா, பாத்ரூம் போறதுக்கு ரெண்டு பேரைக் கூப்பிட்டு என்னைக் கீழ தூக்கிட்டுப் போங்கன்னு சொல்லணும். புதுக் கட்டடத்துல மன்றத்துக்குப் பக்கத்துலயே வச்சிருக்காங்க. எல்லாம் தரைத்தளம். வரைபடத்துல பாத்துட்டேன்.”

உதவியாளர்கள் வந்து நாற்காலியைத் தூக்கினார்கள். படியில் கைதட்ட ஒருவரும் இல்லை. அவள் இந்தமுறை கண்ணை மூடவில்லை.

பாட்டிலை மூட மறந்து நான் பின்னால் இறங்கினேன். தேக்குப்படி நெடுகத் தண்ணீர் சிந்திக்கொண்டே வந்தது.